இருபதாவது பெயர்

பயிற்சி மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை என்று, தொழிற்பயிற்சிச் சபை கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தது. தையல் ஆசிரியை றஞ்சிதம் கதவுத் திறப்போடு படியேறியபோது காலை ஒன்பது மணி. உள்ளே பொழுது சாய்ந்தது போல இருட்டு. பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் யன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. கருகிய துணியின் மணம் லேசாக அடித்தது. பழைய கட்டிடம் என்றால் ஏதாவது மணக்கத்தான் செய்யும் என்று அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இருபது தையல் மெசின் போட்டிருந்தார்கள். வந்த பிள்ளைகள் பத்தொன்பது.

"இருபது பேர் இல்லாட்டி வகுப்பும் இல்ல, கட்டிடமும் இல்ல டீச்சர்," என்றார் சபை அதிகாரி சப்ரி தொலைபேசியில். "நாளைக்குள்ள ஆளக் காட்டுங்க."

கணவர் போன பிறகு றஞ்சிதத்துக்கு இந்த வேலைதான் கதி. ஒரு நாளுக்குள் ஆளுக்கு எங்கே போவது? வெள்ளவத்தைப் புடவைக்கடையில் நிற்கும் மகள் ரூபிகாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வரவு இடாப்பில் எழுதினாள். தினமும் அவளே வரவும் போட்டாள். ஊர் உலகத்தில் யார் செய்யாததையா செய்துவிட்டாள்!

மூன்றாம் நாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்து கரண்ட் போயிற்று. பத்தொன்பது மெசினும் நின்றன.

மூலையில் ஆளில்லாமல் கிடந்த இருபதாவது ஓடியது.

பிள்ளைகள் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

றஞ்சிதம் கீழ்வீட்டு ஸைனம்புவிடம் ஓடினாள்.

"மேல மொத கார்மெண்ட் பெக்டரி ஒண்டு ஈந்திச்சி," ஸைனம்பு குரலைத் தாழ்த்தினாள். "நெருப்புப் புடிச்ச நாள் பேரக் கூப்பிட்டுத்தான் ஆள எண்ணினாங்க. எல்லாரும் வந்துட்டாங்க எண்டு கதவ மூடிட்டாங்க. பேர் பதியாத புள்ள ஒண்டு உள்ள ஈந்திச்சி."

ஸைனம்பு றஞ்சிதத்தின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"நீங்க அதுக்கு ஒரு பேர் குடுத்தீங்களா?"

பின்னேரம் வீட்டில் ரூபிகா சுருண்டு படுத்திருந்தாள். "மத்தியானத்துக்குப் பிறகு ஒண்டும் ஞாபகமில்லையம்மா. நிண்டபடியே நித்திரை கொண்டிட்டன் எண்டு கடையில சொல்லுகினம்."

அவள் தலைமுடியில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. விரல் நுனிகள் சூடுபட்டுச் சிவந்திருந்தன.

ஒரு கிழமைக்குள் பிள்ளை பாதியாகிப் போனாள். டொக்டர் நோய், வருத்தம் ஒன்றும் இல்லை என்றார்.

வேலை போனால் போகட்டும். எல்லோரும் போன பிறகு றஞ்சிதம் இடாப்பை விரித்து, மகளின் பெயரில் பேனையை வைத்தாள். முதல் எழுத்தை வெட்டியதும் போன் அடித்தது. ரூபிகா.

"என்னை வெட்டாதேங்கோ அம்மா... கதவைப் பூட்டுகினம்... ஒரே புகையா கிடக்கு..."

அதே குரல் மூலை மெசினுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

பேனை கீழே விழுந்தது. அழித்தாலும் பிள்ளை இல்லை, விட்டாலும் பிள்ளை இல்லை. றஞ்சிதம் அந்த நிலத்திலேயே இருந்து வாய்விட்டு அழுதாள்.

அடுத்த நாள் காலை ரூபிகா எழும்பவில்லை. மூச்சு மட்டும் வந்தது. அயல்வீட்டு டோரினை அவளுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, அந்தப் பெயரை என்ன செய்வதென்று தெரியாமலே றஞ்சிதம் படியேறினாள். படியில் வைத்தே சப்ரி தொலைபேசியில் அழைத்தார்.

"சந்தோசமான விசயம் டீச்சர். ஒரு நாள் தவறாம இருபது பேரும் வாறாங்க எண்டு, இன்னும் அஞ்சு வருசத்துக்குக் கட்டிடத்த எடுத்தாச்சு."

அவள் இடாப்பைத் திறந்தாள். நேற்று வெட்டிய எழுத்தில் கோட்டைக் காணவில்லை. பெயருக்கு நேரே இன்றைய வரவு ஏற்கெனவே போட்டுக் கிடந்தது. நாளைக்கும் போட்டிருந்தது. தாள்களைப் புரட்டினாள்.

கடைசித் தாள்வரை வரவு போட்டிருந்தது. எல்லாம் ரூபிகாவின் கையெழுத்து.

மூலையில் மெசின் ஓடத் தொடங்கியது.