பொய் ஜன்னல்

மார்ட்கோம்ப் மாளிகையை எட்வின் பாக்ளிங்டன் வாங்கியது குளியல் தொட்டி விற்ற காசில். அதை ஊர் மறப்பதற்காக அவர் படாத பாடில்லை. குடிவந்த நாள் முதல், பால்காரரைக்கூட விடாமல் புல்வெளியில் நிறுத்தி, கைத்தடியால் முகப்பைக் காட்டி வகுப்பெடுப்பார்.

"சமச்சீர்! நடுவுல வாசல். இந்தப் பக்கம் என்ன இருக்கோ, அதேதான் அந்தப் பக்கமும். இந்த வீடு அதை மட்டும் விட்டே கொடுக்காது."

மேல்மாடி இடக்கோடி ஜன்னலில் அவர் மனைவி ஹெஸ்டர் உட்கார்ந்திருப்பாள். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அந்தக் கனத்த நாற்காலியும் ஜன்னலும்தான் அவள் உலகம்.

"பிரபுவே, பால் திரிஞ்சிடப் போகுது. அந்தாளை விட்டுடு!"

எட்வின் நிமிர்ந்து கையாட்டுவார். அந்தக் கேலியைக் கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே தோன்றாது.

வலக்கோடி ஜன்னல் பொய். அதற்குப் பின்னால் புகைபோக்கி ஓடுகிறது. திறப்பு வைக்க இடமில்லை. அதற்காக முகப்பு ஒற்றைக் கண்ணோடு நிற்கலாமா? கட்டியவர்கள் கல்லின் மேலேயே சட்டத்தையும் கண்ணாடியையும் திரைச்சீலையையும் வரைந்துவிட்டார்கள். கௌரவம் என்று வந்துவிட்டால் கல்லும் கண்ணாடியாக வேண்டியதுதான்.

அந்த ஓவியம் உரிந்து கிடந்தது. மாவட்டப் பழங்கட்டடக் கழகத்தார் பார்வையிட வரவிருந்தார்கள். அதில் உறுப்பினராகிவிட்டால் தொட்டி மறந்துபோய்ப் பிரபு என்ற பேர் நிலைத்துவிடும் என்பது எட்வினின் கணக்கு. ரட்ஜ் என்ற பெயின்டரை வரவழைத்தார்.

ஏணியில் நின்று சுரண்டிக்கொண்டிருந்த ரட்ஜின் கை சட்டென்று நின்றது.

"சார், இங்க ஒரு பொம்பள உக்காந்திருக்கா."

"எங்க?"

"படத்துலதான் சார். மேல்பூச்சுக்கு அடியில. நாற்காலியில, நமக்கு முதுகைக் காட்டிட்டு. கொண்டை மட்டும்தான் தெரியுது."

"ஜன்னல்ல உக்கார்றவ வெளியதானே பார்ப்பா? அந்தப் பக்கம் என் மனைவி பார்க்கலயா? இவளையும் திருப்பி வரை."

"கொண்டைக்கு அடியில முகமும் இருக்கு சார். முதல்ல முகத்தைத்தான் வரைஞ்சிருக்காங்க. அப்புறம் யாரோ மூடியிருக்காங்க."

"மூடினவனுக்கு ரசனை இல்ல. நீ வரை."

"எனக்கு முகம் அவ்வளவா வராது சார்."

இடக்கோடி ஜன்னலிலிருந்து ஹெஸ்டர் தலையை நீட்டினாள். "ரட்ஜ், என் முகத்தை மட்டும் போட்டுடாத. அப்புறம் புறாகூட இந்தப் பக்கம் வராது!"

ரட்ஜ் வரைந்த முகம் வேகவைத்த உருளைக்கிழங்கு போலிருந்தது. ஆனால் வெளியே பார்த்தது. எட்வினுக்கு அது போதும்.

கழகத்தார் வந்த பிற்பகலில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. ஈரச் சருகும் நிலக்கரிப் புகையும் நாறின. தலைவி லேடி வின்யார்ட் தொலைநோக்கியோடு நிற்க, எட்வின் கைத்தடியை உயர்த்தினார்.

"சமச்சீர்!"

வழக்கம்போல் மேலேயிருந்து வரவேண்டிய கேலிக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

"பாக்ளிங்டன்," என்றாள் லேடி வின்யார்ட், "உங்க வீட்டம்மாவுக்கு எங்க மேல ஏதாவது கோவமா?"

எட்வின் நிமிர்ந்து பார்த்தார். இடக்கோடி ஜன்னலில் ஒரு கொண்டை தெரிந்தது.

அந்த நாற்காலியை ஹெஸ்டரால் தனியாகத் திருப்ப முடியாது.

படியேறும்போதே எண்ணெய்ப் பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. அவள் அறைக் கதவு ஜன்னலுக்கு நேரெதிரே இருந்தது. திறந்தால் முகம்தான் தெரிய வேண்டும்.

கொண்டை தெரிந்தது.

"அப்பாடா, திரும்பிட்டியா," என்று சிரிக்கப் பார்த்தார். "பயமுறுத்திட்டியேடி."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

அங்கேயும் கொண்டை.

"ஹெஸ்டர்..."

தொட்டார். கல்லாகச் சில்லிட்டது. விரலில் ஈரப் பெயின்ட் ஒட்டியது.

கீழிருந்து லேடி வின்யார்டின் குரல் உற்சாகமாக ஒலித்தது. "உங்க பெயின்டர் கெட்டிக்காரன் பாக்ளிங்டன்! வீட்டம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கானே! வாயைத் திறந்து கத்துற மாதிரியே இருக்கு!"

எட்வின் கீழே ஓடிவந்து பார்த்தார். உருளைக்கிழங்கு முகம் இல்லை. கல்லில் தீட்டிய கண்ணாடிக்குப் பின்னால் ஹெஸ்டர்.

மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். முகத்தைப் பற்றி எழுத அவருக்குத் துணிவில்லை. பெட்டியை மூடியே புதைத்தார்கள். கழகம் எட்வினை ஒருமனதாக உறுப்பினராக்கியது.

மறுபடி முதுகைக் காட்டும்படி வரையச் சொல்லி ரட்ஜின் காலில்கூட விழுந்து பார்த்தார். ரட்ஜ் ஏணியையே விற்றுவிட்டார். சுரண்டி எடுக்கலாம் என்று யாரோ சொன்னபோது, எட்வின் கைத்தடியை ஓங்கிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் புல்வெளியில் தனியே நிற்கிறார். வகுப்பெடுப்பதில்லை. கேலிக்காகக் காத்திருக்கிறார். குளிர் கூடிய நாட்களில், அந்தக் கல் ஜன்னலில் வாய்க்கு நேராக மூச்சு படிந்து மங்குகிறது. பிறகு உள்ளேயிருந்து விரலால் துடைத்ததுபோல் ஒரு சிறு வட்டம் தெளிகிறது.

இடக்கோடி அறையைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிந்தாயிற்று.

அந்த ஜன்னலிலும், அதே நேரத்தில், அதே உயரத்தில், அதே வட்டம்.