அகழிக்குள் ஒரு கிணறு

டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்க வேண்டியவர் அதன் பக்கத்திலேயே செத்துக் கிடந்தார்.

தோல் வியாபாரி. 'பூட்டு' என்றால்தான் தெருவுக்குத் தெரியும். உப்பு டப்பாவுக்கும் பூட்டுப் போட்ட ஆள். மாதக்கணக்கில் வாந்தி. உள்ளங்கை எல்லாம் சொரசொரப்பு.

பிரேதப் பரிசோதனை சொன்னது... ஆர்சனிக்.

இன்ஸ்பெக்டர் விலங்கோடு நேரே மனைவியிடம் வந்தார். போலீஸ்காரனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியாது.

"எதுல கலந்தீங்க? மறைச்சா தூக்குதான்."

"நான் வச்சா அவரு தின்னுருவாராக்கும்? தானே பொங்கித் தானே தின்ன மனுஷன் சார். தண்ணிகூடக் கொல்லைக் கிணத்துல அவரே இறைப்பாரு. எனக்குத் தெருக்குழாய்தான்."

"அப்ப கிணத்துல கலந்தீங்க."

"வந்து பாருங்க."

பார்த்தார். மூக்கைப் பொத்தினார்.

கிணற்றுக்கு இரும்பு மூடி. மூடிக்குப் பூட்டு. சுற்றிலும் ஆள் ஆழத்துக்கு அகழி... நிறையச் சாணிக் கரைசல். தாண்ட ஒரே பலகை. அதற்கும் பூட்டு.

"எதுக்கும்மா இது?"

"நான் விஷம் வச்சிருவேன்னு பயம் சார்."

தடயவியல் துறையிலிருந்து வந்து அகழியோரம் மண் எடுத்துப் பரிசோதித்த அம்மாள் குறுக்கிட்டாள்.

"விலங்கை உள்ள வைங்க சார். இது பழைய தோல் கிடங்கு. பூச்சி அரிக்காம இருக்கத் தோலுக்கு ஆர்சனிக் பூசுவாங்க. அது மண்ணுல இறங்கிக் கிடக்கு."

"அப்ப முன்னாடியே செத்திருக்கணுமே?"

"காத்தாட இருக்கற மண்ணுல அது இரும்புத் துருவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். நகராது. இவரு அகழி வெட்டித் தண்ணியை நிறுத்தினாரு. நாத்தத்துக்கு யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு சாணியைக் கொட்டினாரு. மண்ணுக்குள்ள காத்து போகல. சாணியைத் தின்ன கிருமிங்க மூச்சுக்குத் தவிச்சுத் துருவைக் கரைச்சிருச்சு. பிடி போனதும் விஷம் தண்ணியோட கிளம்பி, ஊறி ஊறிக் கிணத்துக்குள்ள போயிருச்சு."

"அப்ப கொலைகாரன்...?"

"அகழி சார்."

அகழிக்கு விலங்கு மாட்ட முடியாது. இன்ஸ்பெக்டர் மண்டையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பாவம், புருஷன் உங்களை வீணா சந்தேகப்பட்டுட்டாரு."

அதுவரை அழாத மனைவி அப்போதுதான் அழுதாள். இடுப்பிலிருந்து கசங்கிப்போன ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எலி படம் போட்ட பொட்டலம். பிரிக்கவே இல்லை.

"வீணா இல்ல சார்... வருஷக்கணக்கா இதைச் சொருகிக்கிட்டுத் திரியறேன். கடைசிவரைக்கும் ஒரு வாய் ஊட்ட விடலையே அந்த மனுஷன்..."