இரண்டுக்கு மேல்

இருமல் சத்தம் கேட்டு வெகுநேரமாகிவிட்டதே என்று அவளுக்கு உறைத்தபோது, ஊசி பாதித் தையலில் நின்றுவிட்டது.

வெளியே மத்தியானத்திலிருந்து விடாத மழை. கூடத்தில் அவளுடைய தையல் மெஷினிலிருந்து ஒரு கல்யாண உடுப்பு தரை வரை வெள்ளையாக வழிந்து கிடந்தது. அடுத்த அறையில் ஆக்சிஜன் மெஷின் எப்போதும்போல உறுமிக்கொண்டிருந்தது; அதோடு இணைந்த தண்ணீர்ப் புட்டியில் குமிழிகள் களகளவென்று வெடித்துக்கொண்டிருந்தன; ஈரச் சுவர், மருந்து, சூடேறிய ரப்பர் எல்லாம் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மூட்டையைத் தரையில் இழுப்பதுபோல வரும் அண்ணனின் இருமல் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துப் போயிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். மெஷினின் முகப்பில் இருந்த கண்ணாடிக் குழாயில் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும். எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்பதற்கு அதுதான் கணக்கு. நான்கில் நின்றது.

காலையில் அவள் வைத்தது மூன்று.

இரண்டுக்கு மேல் கூடாது என்று வாரம் ஒரு தடவை வரும் நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மூச்சு வாங்குறாரேன்னு பாவம் பார்த்து ஏத்திடாதீங்க. இது கெட்டுப்போன நுரையீரல், குறைச்சலுக்கே பழகிடுச்சு. அளவுக்கு மேல போனா, வெளிய வர வேண்டிய கெட்ட காத்து உள்ளயே தேங்கிடும். ஆளு சுகமா தூங்குவாரு, முகம் சிவந்து களையா இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. மூச்சு விடணும்ங்கிறதையே உடம்பு மறந்துடும்."

அவள் ஏமாறவில்லை. தெரிந்தேதான் ஏற்றினாள்.

போன மாதம், மகளின் கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்க ஒருத்தி வந்தாள். பேச்சுவாக்கில் பார்த்தால், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இவளைப் பெண் பார்க்க வந்து, பிறகு பதிலே சொல்லாமல் போன மாப்பிள்ளையின் தங்கை. "இப்ப உங்க நெஞ்சு பரவாயில்லையாங்க?" என்று கேட்டாள். என் நெஞ்சுக்கு என்ன என்று இவள் விழித்தாள். "உங்க அண்ணன்தான் அப்ப வீடு தேடி வந்து சொன்னாரு. தங்கச்சிக்கு நுரையீரல் சரியில்லை, மறைச்சுக் கட்டிவைக்க மனசு வரலைன்னு. தங்கமான மனுஷன்."

அந்த மாப்பிள்ளைக்குப் பிறகும் மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் அப்படியே போனார்கள். அவள் அண்ணனுக்குச் சமைத்தாள், துவைத்தாள், அவன் லாரியிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கெல்லாம் கதவு திறந்தாள். முப்பது வருஷம் டீசலையும் சிகரெட்டையும் மாறி மாறி இழுத்து அவன் நெஞ்சு ஓட்டைச் சல்லடையான பிறகு, சளி வழித்தாள். இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. அளவு கொடுக்க வந்த அந்த மகராசி கிளம்பிப் போன பிறகு அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இருமித் திட்டும்போதெல்லாம் மெஷினின் திருகை ஒரு இழை திருப்பிவிட்டாள். தூங்கட்டும் என்று. அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் நான்கில் அவள் வைக்கவில்லை.

குண்டை இரண்டுக்கு இறக்கினாள். அண்ணன் கண்ணைத் திறந்தான். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பத்து வருஷமாக அந்த முகத்தில் ரத்தம் பார்த்ததில்லை அவள்.

"இதை யார் ஏத்தினது?"

"நீதான் பாப்பா. இப்பதானே வந்து ஏத்திட்டுப் போனே."

"நான் வெளிய தைச்சிட்டு இருந்தேன்."

"தலையைத் தடவினியே." அவன் சிரித்தான். நாக்கு குழறியது. "கை சில்லுன்னு இருந்துச்சு."

அந்தத் தலையை அவள் தடவி எத்தனையோ காலம் ஆயிற்று. கதவு, ஜன்னல், கட்டிலடி எல்லாம் பார்த்தாள். வீட்டில் அவர்கள் இருவர்தான். கூடத்துக்குத் திரும்பி, நூலைக் கோர்க்க மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் தவறியது.

குமிழிச் சத்தம் வேகமெடுத்தது.

போனாள். ஐந்து.

இறக்கினாள். இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது; நாலு மணிக்கே அறை இருட்டத் தொடங்கியது. அண்ணனின் விரல்கள் போர்வைமேல் தாமாகவே உதறிக்கொண்டிருந்தன. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. பிறகு ஒன்பது.

இப்போது கேட்காவிட்டால் என்றைக்குமே கேட்க முடியாது என்று பட்டது.

"அண்ணா. அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன சொன்னே?"

எந்த மாப்பிள்ளை என்று அவன் கேட்கவில்லை. இமைகள் பாதி திறந்தன.

"நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா பாப்பா," என்றான், பசிக்கிறது என்று சொல்வதைப்போல, கொஞ்சமும் கூச்சமில்லாமல். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் அழவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கப் பார்க்கவே குண்டு நடுங்கியது. இரண்டை விட்டு எழும்பியது. மூன்று. அவள் திருகை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடிக்குள்ளேயே அது திரும்பியது. நான்கு. விரல்கள் அவளுடையவைதான். சில்லிட்டிருந்தன. திருப்புவது அவளா, வேறு ஏதாவதா? அவளால் சொல்ல முடியவில்லை. ஐந்து. இடது கையால் வலது மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். வரவில்லை.

நிமிடத்துக்கு நான்கு மூச்சு.

இரண்டு.

காலால் எட்டி வயரை உதைத்தாள். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. கை விடுபட்டது. குண்டு டக்கென்று அடியில் விழுந்தது.

அமைதி.

குமிழி இல்லை. உறுமல் இல்லை. அண்ணனின் நெஞ்சு எழும்பவில்லை. மூக்கடியில் விரலை வைத்தாள். எதுவும் இல்லை. "அண்ணா!" என்று உலுக்கினாள். உடம்பு கதகதவென்று இருந்தது, காய்ச்சல்காரனைப்போல. நெஞ்சை அமுக்கினாள். வாயைத் திறந்து ஊதினாள். அவள் ஊதியது உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

போனை எடுத்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டாள். "மூச்சு இல்லைங்க," என்று மட்டும் சொல்ல வந்தது. "பக்கத்துத் தெருவிலதான் இருக்கேன், இதோ வரேன்," என்றாள் அவள். இவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கூச்சமாக, லேசாக, கிட்டத்தட்ட நிம்மதியைப்போல. ஒரு வழியாக, என்று நினைத்தாள்.

அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

காலடிச் சத்தம். ஒன்று. இரண்டு. நாற்காலி தரையில் உரசியது.

திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷமாகத் தாங்கிப் பிடிக்காமல் நிற்காத ஆள், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய் இல்லை. ரோஜா நிறத்தில் முகம். மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். தேநீர் வேண்டுமென்றால் இந்த வீட்டில் அதுதான் உத்தரவு.

நெஞ்சு அசையவில்லை.

பழகிய கைகள் தாமாகவே அடுப்பைப் பற்றவைத்தன. அவள் கொண்டுவந்து வைத்தாள். அவன் உதடு மூடித் திறந்தது, மூடித் திறந்தது. பா. ப்பா. சத்தம் வரவில்லை. சத்தத்துக்குக் காற்று வேண்டும்.

வாசல் கதவு தடாலென்று திறந்தது. மழைக்கோட்டோடு நர்ஸம்மா ஓடிவந்தவள், மேசையைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"என்னம்மா நீங்க! உயிரைக் கையில பிடிச்சுகிட்டு ஓடி வரேன், இவரு ஜம்முன்னு உட்கார்ந்திருக்காரு."

"மூச்சு இல்லைங்க. நல்லா பாருங்க."

நர்ஸம்மா அவன் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினாள். "தொண்ணூத்தெட்டு. எனக்கே இவ்வளவு வராது. நாடி நிதானமா ஓடுது." அவன் நர்ஸம்மாவைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். அவள் அறைக்குப் போய் மெஷின் பிளக்கை மாட்டி, குண்டை இரண்டில் வைத்துவிட்டு வந்தாள். இவள் தோளைத் தட்டினாள். "ராத்திரி பகலா தூங்காம பார்த்தா இப்படித்தான் கண்டதெல்லாம் தோணும். டீ குடிச்சதும் குழாயை மாட்டிவிடுங்க. கவலையே வேண்டாம், இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாரு."

கதவு சாத்திக்கொண்டது. மழையில் காலடிகள் தேய்ந்து போயின.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் அவளையே பார்த்தபடி கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான். கொதிக்கக் கொதிக்க இருந்த தேநீரின் ஆவி, அவன் உதட்டையும் மூக்குத் துவாரங்களையும் உரசிக்கொண்டு, கலையாமல், ஒரு பக்கமும் சாயாமல், நூல் பிடித்தாற்போல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.