எட்டுக் கட்டத்திலும் வாண்டு

வாண்டுவின் வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் 'கீய்ங்' என்று சத்தம் போட்டுவிட்டு மண்டையைப் போட்டது.

பாட்டுக் கேட்கவோ விளையாடவோ வைத்திருந்த கம்ப்யூட்டர் இல்லை அது. வீட்டில் நான்கு கேமராக்கள் இருந்தன. வாசலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, பின்கதவில் ஒன்று, கூடத்தில் ஒன்று. எதன் முன்னாலாவது ஆள் நடமாட்டம் தெரிந்தால், அந்தப் படத்தைப் பதிவு செய்து வைப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை. கொஞ்ச நாளாகவே அதற்கு மூச்சு வாங்கியது. அடுத்த வீட்டு சைக்கிள் காணாமல் போன அன்று வாசல் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் சைக்கிள் இருந்தது. அடுத்து சைக்கிள் இல்லை. நடுவில் வந்த ஆளை அது கோட்டை விட்டிருந்தது.

கேமராக்களை மாட்டியவர் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவரும் வாண்டுவும் மட்டும்தான். வாண்டு நடக்கப் பழகும் முன்பே அவள் அம்மா இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாண்டு தனியாகத்தான் இருப்பாள். கதவைப் பூட்டிக்கொள்வாள். பாலைச் சுடவைத்துக் குடிப்பாள். வீட்டுப்பாடம் எழுதி முடிப்பாள். அதற்குப் பிறகும் சாயங்காலம் நிறைய மிச்சம் இருக்கும். ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் சத்தம் நின்றால்கூட, 'நீயும் பேச்சை நிறுத்திட்டியா' என்று இருக்கும் அவளுக்கு. அப்பா வரும்போது இருட்டிவிடும். சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே அவருக்குக் கண் சொக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. அன்றைக்கு அப்பா முழுசாகக் கிடைப்பார். இரண்டு பேருமாகத் துணி துவைப்பார்கள், சமைப்பார்கள், ஒன்றும் செய்யாமல் படுத்துக்கொண்டு கதையடிப்பார்கள். வாரம் முழுவதும் அவள் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருப்பாள்.

செத்துப்போன கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கடைக்கார அக்கா அதைத் திறந்து, தூசியை ஊதிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கிற டிஸ்க் நன்றாக இருக்கிறதாம். ப்ராசஸர்தான் போய்விட்டதாம். ப்ராசஸர் என்றால் கம்ப்யூட்டரின் மூளை. பிஸ்கட் அளவுதான் இருக்கும், ஆனால் அது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் வெறும் டப்பா.

அக்கா மேஜைமேல் இரண்டு ப்ராசஸர்களை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று பளபளவென்று பெட்டிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. எத்தனை கேமரா, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"ரெண்டுல எது பெருசு?"

லிஃப்ட்காரர்கள் அப்படித்தான். எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட் என்றால் அதைவிடப் பல மடங்கு தாங்கும் கம்பியைத்தான் மாட்டுவார்கள். அந்தப் பழக்கம் அப்பாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு காலண்டர் மாட்ட நாலு ஆணி அடிப்பார். காலண்டர் கிழிந்ததே தவிர, விழுந்ததே இல்லை.

நாலு கேமராவுக்குச் சின்னதே போதும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். வீடியோவைக் கையாள்வதற்கென்றே சின்னதுக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கிறதாம். அந்த ராஜாவுக்குள் அது கிடையாதாம். அதற்குத் தனியாக ஒரு கார்டு வேறு வாங்க வேண்டுமாம்.

"போதும்ங்கறது எனக்குப் பத்தாதும்மா," என்றார் அப்பா. "பிள்ளை தனியா இருக்கற வீடு."

விலையைக் கேட்டதும் தாடையைச் சொறிந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி பார்க்க ஆள் தேடுகிறார்கள். பரீட்சை லீவு வரும்வரை அதை எடுத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

வாண்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அவள் தனியாக இருப்பதால் கேமரா. கேமராவுக்காகக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்காக அவள் இன்னும் ஒரு நாள் தனியாக இருக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஆனால் இங்கே அழுதால், பிள்ளை பயப்படுகிறாள் என்று நினைத்து அப்பா பெரியதையே கையோடு வாங்கிவிடுவார். அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அழுகையை விழுங்கிவிட்டு யோசித்தாள்.

"அப்பா, லோடு டெஸ்ட் பண்ணாம எந்த லிஃப்டையாவது ஓட விட்டிருக்கீங்களா?"

"அதெப்படி விடுவேன்?" அப்பாவுக்குக் கொஞ்சம் ரோஷமே வந்துவிட்டது. "எடையை ஏத்தி ஓட்டிப் பார்க்காம யாரையும் ஏற விடமாட்டேன்."

"அப்போ இந்தச் சின்னதுக்கும் லோடு டெஸ்ட் வைங்க. நம்ம டிஸ்க்லதான் பழைய படமெல்லாம் இருக்கே. நாலு படத்தை ஒரே நேரத்துல ஓட விடலாம். திணறுச்சுன்னா பெருசையே வாங்கிக்கலாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசனை பிடித்துப்போனது. கேமரா, படத்தை மடித்த துணி மாதிரிதான் அனுப்பும், அதை அப்படியே அலமாரியில் அடுக்குவது சுலபம், ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதுதான் கஷ்டம், அதில் தேறிவிட்டால் மற்றதெல்லாம் ஜுஜுபி என்றார். கடையிலேயே அதே சின்ன ப்ராசஸர் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினார்.

"நாலு வேண்டாம், எட்டு போடுங்க," என்றார் அப்பா. "நாங்க எப்பவும் கூடுதலா ஏத்தித்தான் பார்ப்போம்."

அக்கா தேடினார். வாசலிலும் படியிலும் அதிகம் ஒன்றும் இல்லை என்றார். அந்த வீட்டுக்கு வருகிறவர்களே இல்லைபோல. கூடத்தில்தான் குவிந்து கிடக்கிறது, அதையே போடுகிறேன் என்றார்.

அப்போதுதான் வாண்டுவுக்குத் திக்கென்றது. கூடத்தில் என்ன இருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். வேறு ஏதாவது போடச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் திரையில் எட்டுக் கட்டங்கள் முளைத்துவிட்டன.

எட்டுக் கட்டத்திலும் வாண்டு.

ஒன்றில் அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் பாம்பும் ஏணியும் விளையாடினாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தாயக்கட்டையை உருட்டினாள். எழுந்து ஓடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஆளுக்காகவும் உருட்டினாள். எதிர் ஆளைப் பாம்பு கடித்ததும், அங்கே போய் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாவதில் பொம்மைக்கு வாய்ப்பாடு நடந்தது. கீழே ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எப்போதாவது தலையை மட்டும் திருப்பினாள். அந்தக் கட்டத்தில் வேறு எதுவும் நடக்கவில்லை.

சத்தமும் வருகிறதா என்று பார்க்க அக்கா ஒரு கட்டத்தை அழுத்தினார். அதில் வாண்டு கேமராவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் என்னவோ இருந்தது.

"அப்பா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு. இங்க பாருங்க. நீங்க வந்ததும் சொல்லலாம்னு நினைச்சேன். ஆனா வரும்போது ரொம்ப அசதியா இருப்பீங்க. அதான் இப்பவே சொல்லிடறேன்."

கடையில் நின்ற வாண்டுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இதை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். திருட்டுப் போனால் ஒழிய அந்தப் படங்களை யார் பார்க்கிறார்கள்? சுவரோடு பேசுவதற்கு இது பரவாயில்லை என்றுதான் பேசினாள். தானே யோசனை சொல்லி இப்படித் தானே மாட்டிக்கொள்வோம் என்று அவள் நினைக்கவே இல்லை.

"பாருங்க சார், ப்ராசஸருக்குப் பாதி லோடுகூட ஏறல," என்று அக்கா திரையின் ஓரத்தில் இருந்த ஒரு கோட்டைக் காட்டினார்.

அப்பா அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த வாண்டுவிடம் வந்ததும் அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"தினமும் இல்லப்பா. பரீட்சை இருந்தா படிப்பேன்."

வாண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"எனக்குப் பயமெல்லாம் இல்லப்பா. கேமரா இல்லைன்னாலும் இருந்துடுவேன். ஆனா ஞாயித்துக்கிழமைய மட்டும் ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடாதீங்க. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அக்கா திடீரென்று மும்முரமாக மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த மேஜையில் அழுக்கே இல்லை.

அப்பா மூக்கை உறிஞ்சினார். சின்ன ப்ராசஸரை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "இதையே போட்டுடுங்கம்மா. டெஸ்ட்ல பாஸ்," என்றார். பிறகு வாண்டுவின் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போகல," என்றார்.

கம்ப்யூட்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு வெறும் கையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பலகையில் உட்கார்ந்ததும் அப்பா அவள் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். விழுந்த இடத்தில் புதுப் பல் பாதி வளர்ந்தே விட்டிருந்தது.

"எப்படி விழுந்துச்சு?"

"அது பெரிய கதைப்பா. பஸ் வந்துடும்."

"வரட்டும். நீ முதல்லேர்ந்து சொல்லு."

வாண்டு காலை மடித்துப் பலகைமேல் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குக் காலையில் செருப்பு வார் அறுந்ததிலிருந்து ஆரம்பித்தாள். பேருந்து வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. அடுத்த பேருந்தும் வந்து நின்று, இவர்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வாண்டுவின் கதையில் இன்னும் பல் ஆடவே ஆரம்பிக்கவில்லை.