கூரைமேல் கூரை

அவள் வரையாத கூரை ஒன்று படத்தில் இருந்தது.

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் அவளைத் தவிர யாரும் இல்லை. விடுமுறை நாளின் மத்தியானம். திரையில் வெயில் அடிக்கக் கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் அங்கே பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். ஓட்டை ஏசியிலிருந்து நீர் பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சூடேறிய வயரின் வாடையும், வாளிக்கடியில் யாரோ போட்டு மறந்த ஈரத்துணியின் வாடையும் சேர்ந்து மூக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்றது.

புவித்தகவலியல் படிக்கச் சேர்ந்தபோது உலகத்தையே அளக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தாள். வாய்த்ததோ கூரை வரைகிற வேலை. ட்ரோன் எடுத்த படத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் சுற்றி மவுஸால் கோடு இழுத்து, அங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் நிரப்ப வேண்டும். பேருக்குத்தான் அது செய்முறைத் தேர்வு. உண்மையில் பேராசிரியர் தன் பெயரில் அவளுடைய ஊர் நகராட்சியிடம் வாங்கி வந்த வேலை. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சைபர். ஒரே ஒரு பிழை இருந்தாலும் மார்க்கில் சைபர்தான். பிழை என்றால் வேறொன்றுமில்லை, ஒரு கூரை இன்னொரு கூரைமேல் ஏறக் கூடாது. ஏறினால் மென்பொருள் சிவப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும். போன வருஷம் அப்படித்தான் அவளைக் கவிழ்த்தார். இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது. ஊரார் துணியைத் தைத்துத் தைத்து அம்மா முதுகு ஒடிந்ததுதான் மிச்சமாகும்.

கடைசித் துண்டுப் படத்தில் அவளுடைய வீடே வந்திருந்தது. அதை மட்டும் ஆசையாக, மூலை பிசகாமல் வரைந்தாள். குடியிருப்பவர்: 1. ஹாஸ்டலில் கிடப்பவளைக் கணக்கில் சேர்க்க முடியாதே.

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. அங்கேதான் அந்தக் கூரை. படத்தில் வெறும் புல்; புல்லின்மேல் நீளமாக ஒரு கட்டம். வரைந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். குடியிருப்பவர்: 1.

தூக்கக் கலக்கத்தில் கை இழுத்துவிட்டது போல. அழித்தாள், சேமித்தாள். திரை ஒரு தடவை கண்சிமிட்டியது. கூரை மறுபடி இருந்தது, இப்போது வேலியை ஒட்டி.

போனை எடுத்தாள்.

"அம்மா, நம்ம வீட்டுக்குப் பின்னாடி யாராச்சும் ஏதாச்சும் கட்டுறாங்களா?"

"அங்க யாருடி கட்டப் போறா? புல்லு மண்டிக் கிடக்கு." தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. "லீவு நாள்லகூட வீட்டுப் பக்கம் வராம, இதைக் கேக்கத்தான் போன் பண்ணியா?"

"அந்த ஆளு விடமாட்டேங்கறாரும்மா."

"அவன் நல்லா இருப்பானா! நீ வேலையப் பாரு. போனை அப்படியே வை, பேச்சுத் துணையா இருக்கும்."

ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். மெஷின் சத்தம் லேபுக்குள் ஓடியது. அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அழித்தாள். வேலியைத் தாண்டி வந்தது.

அழித்தாள். துணி துவைக்கும் கல்லை மூடிக்கொண்டு நின்றது.

"ஏண்டி, பின்பக்கம் திடீர்னு இருட்டிக்கிட்டு வருது," என்றாள் அம்மா. "மழை வருமோ?"

இதை என்னவென்று சொல்வது? பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அம்மா பயப்படுவாள். "லைட்டப் போட்டுக்கோம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இன்னொரு முறை அழித்தாள். வந்தது. வீட்டின்மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது, சரியாக அடுப்பங்கரைக்கு மேல். அம்மா மெஷின் போட்டிருக்கும் இடமும் அதுதான். சிவப்பு. பிழைகள்: 1.

இப்போது அழிக்கவும் முடியவில்லை. எத்தனை அமுக்கினாலும் அசையவில்லை.

சைபரிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. சாயங்காலத்துக்குள்ள வரணும். சாக்கு சொல்லாத.

மென்பொருள் இரண்டே வழி காட்டியது. வெட்டு. சேர். வெட்டினால் அடுப்பங்கரைதான் போகும், அந்தக் கட்டம் அல்ல. அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. பிழையோடு அனுப்பலாம். அனுப்பினால் எல்லாம் போச்சு. படம்தானே, வெறும் கோடுதானே என்று சொல்லிக்கொண்டாள்.

சேர்.

மெஷின் சத்தம் நின்றது.

"இது என்னடி, இங்க ஒரு கதவு?"

"எங்கம்மா?"

"அலமாரி இருந்த இடத்துல..."

"அம்மா, திறக்காத! வாசல் வழியா வெளிய போ. தெருவுக்குப் போம்மா!"

கதவு கிறீச்சிட்டது.

"யப்பா, என்னா குளிரு. ஜன்னல் பூரா கறுப்புத் தாளு."

சொட். வாளியில். சொட். போனில். இரண்டும் ஒரே நேரத்தில்.

"அடிப்பாவி! இங்கயே உக்காந்துக்கிட்டா போன்ல வெளையாடுற?"

சட்டென்று திரும்பினாள். லேப் கதவு சாத்தியிருந்தது. காலி நாற்காலிகள். யாரும் இல்லை.

"அம்மா, அது நான் இல்ல!"

"கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறியே. என்னடி கோவம் அம்மா மேல?" காலடிச் சத்தம் எதையோ நெருங்கிப் போனது. அம்மாவின் குரல் குழைந்திருந்தது. மகள் வந்துவிட்டாள் என்ற சந்தோஷம்.

"தொடாத! அம்மா, தொடாத!"

போனுக்குள் நாற்காலி சுழலும் சத்தம். அவளுடைய நாற்காலி அசையவில்லை.

பிறகு அவளுடைய குரல். அவள் வாய் திறக்காமல்.

"கதவச் சாத்திட்டு வாம்மா."

"சரிடி," என்றாள் அம்மா.

கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு போனில் சொட்டும் சத்தம் மட்டும்.

திரையில் ஒரே பெரிய கூரை. நடுவில் கோடே இல்லை. பிழைகள்: 0.

குடியிருப்பவர்: 2.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது 1 ஆனது.