குச்சிதாஸ் காட்டிய கை

குச்சிதாசுக்கு மூக்கு கிடையாது. காதும் கிடையாது. வட்டமாக ஒரு தலை, நேராக ஒரு உடம்பு, இரண்டு கைகள், இரண்டு கால்கள். எல்லாமே குச்சி. ஆனால் தலையில் மஞ்சளாக ஒரு ஹெல்மெட் உண்டு. தூங்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார்.

அவர் பிறந்தது ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், ரஹீமுன்னிசா அக்காவின் பிரௌசிங் சென்டரில், மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதன் மவுஸ் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு யானையை வரைந்தாலும் குச்சியாகத்தான் வரும். அதனால்தான் கரோலின் குச்சி மனிதனை வரைந்தாள்.

கரோலின் ஏழாம் வகுப்பு படித்தாள். பள்ளி விட்டு வரும் வழியில், கூட்டம் இல்லாவிட்டால், அக்கா அந்த மூலைக் கம்ப்யூட்டரை அவளுக்கு விடுவாள்.

"கஸ்டமர் வந்தா எய்ந்துக்கணும், இன்னா?"

"சரிக்கா."

"ஸ்பேஸ் பார உடைக்காதே."

"அது ஏற்கெனவே உடைஞ்சுதான் கீது."

வலைப்பூ தொடங்கிக் கொடுத்ததும் அக்காதான். நாலு கட்டம் போட்டு ஒரு படக்கதை வரைந்து அதில் ஏற்றிவிட்டால், துபாயில் இருப்பவரும் பார்க்கலாம். பார்த்தவர்கள் படத்துக்குக் கீழே தங்கள் கருத்தை எழுதலாம். அதற்குப் பின்னூட்டம் என்று பெயர்.

குச்சிதாஸ் ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளத்தில் நிற்பார். கப்பலுக்கு உள்ளே ஆழத்தில் சரக்கு இருக்கும். அதைக் கயிறு கட்டித் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு அந்த ஆழம் தெரியாது. இரைச்சலில் குரலும் கேட்காது. சிக்னல்மேனின் கைதான் அவருக்குக் கண். கையை உயர்த்தி விரலைச் சுழற்றினால், தூக்கு. கையைத் தாழ்த்திச் சுழற்றினால், இறக்கு. இரண்டு கைகளையும் விரித்து நின்றால், நிறுத்து.

வீட்டுக்கு வந்தாலும் குச்சிதாசின் கை சும்மா இருக்காது. குழம்பு ஊற்றும் மனைவிக்குக் கையைத் தாழ்த்தி விரலைச் சுழற்றுவார். கரண்டி இறங்கும். கையை உயர்த்திச் சுழற்றுவார். கரண்டி ஏறும். ஒருநாள் மாதா கோயிலில், பூசை நேரத்தில், ஈயை விரட்டக் கையைத் தூக்கினார். பாட்டுக் குழு முழுவதும் சுருதியை ஏற்றிவிட்டது. சாமியார் தொண்டை கட்டிப்போய் இருமினார்.

அந்தப் படத்துக்குத்தான் முதல் பின்னூட்டம் வந்தது. எழுதியவர் தன் பெயரைக் 'கோவை கொசு' என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டேன். கீபோர்டுக்கு யார் பொறுப்பு?"

துபாயிலிருந்து 'பாலைவனத் தவளை' எழுதினார். "இது உன் அப்பாவா? நிஜமாகவே இப்படித்தானா?"

கரோலின் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

"ஆமாம். இப்பவும் இப்படித்தான்."

அது பொய்.

அவளுடைய அப்பா யேசுதாஸ், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், வேலை செய்துகொண்டிருந்த கப்பலிலேயே இறந்துபோனார். சரக்கைத் தூக்கிய கயிறு அறுந்துவிட்டது. அதற்குமேல் வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா சிலுவையம்மாள் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். சாப்பிடும்போது யாரும் கை காட்டவில்லை. அம்மா எங்கோ பார்த்துக்கொண்டே குழம்பை ஊற்றுவாள். அது சோற்றை மூழ்கடித்துத் தட்டின் விளிம்புவரை வந்து நிற்கும். கரோலின் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள்.

அந்த மூலைக் கம்ப்யூட்டரில் மட்டும் அப்பா ஹெல்மெட்டோடு நடந்துகொண்டிருந்தார். கோவையிலும் துபாயிலும் இருக்கும் யாருக்கும் அவர் இறந்தது தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் பெயர் போடாத ஒருவர் வந்தார்.

"கை தப்பு." அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

கரோலினுக்குச் சுருக்கென்றது. அடுத்த படத்துக்கும் அதேதான் வந்தது. "இதுலயும் கை தப்பு."

"இது சிரிப்புப் படம். கை எப்படி இருந்தால் உங்களுக்கு என்ன?" என்று பதில் எழுதினாள்.

கோவை கொசு அவளுக்காகச் சண்டைக்கு வந்தார். "யாரப்பா இது, குச்சிக்கெல்லாம் டிராபிக் போலீஸ்?"

அடுத்த திங்கட்கிழமை நீளமாகவே வந்திருந்தது.

"தூக்குன்னா கை மேலே போவணும். நீ கீழே போட்டுக்கீறே. யேசு ஒருநாளும் கை தப்பா காட்னது கெடையாது."

கரோலின் அதை மறுபடி படித்தாள். யேசு என்ற அப்பாவின் பெயரை அவள் எந்தப் படத்திலும் எழுதியதில்லை.

தன் பழைய படங்களை எல்லாம் திறந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். பேச்சை எழுதும் குமிழிக்குத் தலைக்கு மேலேதான் இடம் இருந்தது. கையை உயர்த்தினால் குமிழியில் இடிக்கும். அதனால் குமிழி இருந்த கட்டங்களில் எல்லாம் அவள் கையைக் கீழேயே போட்டிருந்தாள். ஒரு குச்சிக்கு இதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"அக்கா, இது யாரு?"

ரஹீமுன்னிசா அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு விசிறியைப் பார்த்தாள். "எனக்கின்னா தெரியும்?"

"நீ பொய் சொன்னா துப்பட்டாவ முறுக்குவே. இப்போ முறுக்கினுகீறே."

அக்கா துப்பட்டாவை விட்டுவிட்டாள். "பேஜாரு புடிச்ச பொண்ணு! ஞாயித்துக்கெயமை பூசை முடிஞ்சி வருவாரு. டைப் பண்ணத் தெரியாது. நாந்தான் அடிச்சிக் குட்த்தேன். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"யாருக்கா?"

"ஸ்டானிஸ்லாஸ் அண்ணன்."

ஸ்டானிஸ்லாஸ் மாமா வின்ச் ஓட்டுபவர். அப்பாவின் தோஸ்து. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் வரவே இல்லை. தெருவில் அம்மா வருவதைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். அவர் தங்களை மறந்துவிட்டார் என்றுதான் கரோலின் நினைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் ஓடிப்போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் மாமா உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். உடனே திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்.

கரோலின் அவரை முந்திக்கொண்டு ஓடினாள். கூப்பிட்டால் நிற்க மாட்டார் என்று தெரியும். அதனால் கூப்பிடவில்லை. வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

மாமாவின் கால்கள் அப்படியே நின்றன. எத்தனையோ வருடங்களாக அந்தக் கைக்கு நின்று பழகியவர்.

"எங்க கத்துக்கினேம்மா இத?" என்றார்.

"அப்பா சாப்புடும்போது காட்டுவாரு. பாயசம் மட்டும் வந்தா காட்ட மாட்டாரு."

அவர் வாசலை விட்டு உள்ளே திரும்பினார்.

"மாமா, குச்சிப் படத்துல கை தப்பானா உங்களுக்கு இன்னா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"ஹார்பர் கேட்டாண்ட டீக்கடைல யாரோ உன் படத்த பிரிண்ட் எட்த்து ஒட்டிகிறாங்கம்மா. அங்க ஏற்கெனவே ஒரு பேச்சு. யேசு கைய தப்பா காட்டிட்டான், அதான் அப்டி ஆச்சின்னு. நான் கத்திக்கினே இருந்தேன், இல்லடா இல்லடான்னு. உன் படத்த பாத்ததும் அந்த ரகுபதி சொல்றான், 'பாரு, அவன் பொண்ணே தப்பு கைதான் போட்டுகீது.' எல்லாரும் சிரிச்சானுங்க."

கொசுவும் தவளையும் சிரித்தது வேறு. அந்த டீக்கடைச் சிரிப்புக்குப் படம் போட்டுக் கொடுத்தது கரோலின்தான்.

"அன்னைக்கு அப்பா இன்னா கை காட்டினாரு, மாமா?"

ஸ்டானிஸ்லாஸ் மாமா மெல்ல இரண்டு கைகளையும் விரித்தார்.

"கவுறு பிரியறத அவன்தான் மொதல்ல பாத்தான். நிறுத்துன்னான். நான் நிறுத்தினேன்மா. வின்ச்சு நின்னுச்சி." கைகளைத் தொங்கவிட்டார். "கவுறு நிக்கல."

வெளியே ஒரு டேங்கர் லாரி போனது. கண்ணாடிக் கதவு அதிர்ந்து அடங்கியது.

"அப்புறம் ஏன் வூட்டுக்கு வர்ல?"

"வின்ச்சோட லிவரு என் கைலதானேம்மா இருந்துச்சி. எந்த மூஞ்ச வெச்சிக்கினு உங்கம்மாவப் பாக்குறது?"

கரோலின் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குந்துங்க மாமா. எல்லாத்தையும் திருத்தப்போறேன். கை சரியா வர்ற வரைக்கும் சொல்லுங்க."

ஒவ்வொரு படமாகத் திருத்தினார்கள். குமிழிகள் கீழே இறங்கின. குச்சிதாசின் கை மேலே ஏறியது. மாமா சாதாரண ஆசிரியர் இல்லை. "முட்டிய மடக்காதே. அவன் மடக்க மாட்டான்," என்றார். "இன்னும் ஒசரம்," என்றார். மவுஸ் நின்றபோதெல்லாம் அக்கா வந்து அதன் முதுகில் ஓர் அடி கொடுத்தாள்.

கடைசியாகக் கரோலின் ஒரு புதுப் படம் போட்டாள். முதல் கட்டத்தில் தூக்கு. இரண்டாவதில் இறக்கு. மூன்றாவதில் குச்சிதாஸ் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். நான்காவதில் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தரையில் கிடந்தது.

கீழே எழுதினாள்: "குச்சிதாஸ் என் அப்பா. அவர் பெயர் யேசுதாஸ். கப்பலில் கயிறு அறுந்து இறந்துவிட்டார். மூன்றாவது கட்டத்தில் இருப்பதுதான் அவர் கடைசியாகக் காட்டிய கை. அது சரியான கை. முன்பு தப்பாகப் போட்டது நான். இப்பவும் இப்படித்தான் என்று நான் எழுதியது பொய்."

சில நாட்கள் ஒரு பின்னூட்டமும் வரவில்லை. பிறகு பாலைவனத் தவளை எழுதினார். "சிரிப்பதற்காகத்தான் இங்கே வந்தேன். என்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்." அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

கோவை கொசு, "டிராபிக் போலீஸ் அண்ணாச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு," என்று எழுதியிருந்தார். கீபோர்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மாமா அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டினார். மறுநாள் யாரோ கிழித்திருந்தார்கள். மறுபடி ஒட்டினார். "குச்சிய வெச்சிக்கினு இன்னா மாமு நிரூபிக்கப் போறே?" என்று ரகுபதி கேட்டானாம். டீக்கடைப் பேச்சு நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பிரிண்டைக் கரோலின் அம்மாவிடம் கொடுத்தாள். இறால் வாடை அடிக்கும் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அம்மா அதை வாங்கினாள். மூன்றாவது கட்டத்தைத் தாண்டவே அவளுக்கு நேரமாயிற்று.

"உங்கப்பன் இவ்ளோ ஒல்லி இல்ல," என்றாள்.

அதுவும் ஒரு பின்னூட்டம்தான். கரோலின் அதை வலைப்பூவில் ஏற்றவில்லை.

"யாரு சொன்னாங்க, அவர் கடைசியா இந்தக் கைதான் காட்டினாருன்னு?"

கரோலின் சொன்னாள். அம்மா படத்தை மடித்து வைத்தாள். "ஞாயித்துக்கெயமை இட்டுக்கினு வா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டானிஸ்லாஸ் மாமா வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"வயி தெரிஞ்சிதா?" என்றாள் அம்மா.

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"கைய அலம்பிக்கினு வா. சோறு ஆறிடும்."

அம்மா மாமாவின் தட்டில் மீன்குழம்பை ஊற்றினாள். எங்கோ பார்த்துக்கொண்டே ஊற்றினாள். குழம்பு சோற்றை மூழ்கடித்து விளிம்பைத் தொடப்போனது. மாமாவுக்குப் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கையும் எழவில்லை.

கரோலின் தன் கையை உயர்த்தினாள். முட்டியை மடக்காமல், நல்ல உயரத்தில், விரலைச் சுழற்றினாள்.

அம்மா நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கரண்டி மேலே போனது.