விருந்தாளித் துண்டு

தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அம்மா டம்ளரின் மேல் ஒரு டிஷ்யூ தாளை இழுத்தாள்.

முதல் தடவை வாலு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தாள். தாளின் ஓரம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் போனது. பட்டுத்துணியில் நகம் உரசினதுபோல் சரக்கென்று ஒரு சின்ன சத்தம். பிறகு அம்மா ஈரத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் டீயின் மேல் அதே தாள். அப்புறம் குளிக்க நிரப்பிவைத்த வாளி, அரிசி களைந்த தண்ணீர், மழை பெய்து வாசல்படியில் தேங்கிக் கிடந்த குட்டை. வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து படித்தாலும் அந்தச் சத்தம் வாலுவைத் தேடிக்கொண்டு வந்தது.

சரக்.

வாலு என்பது அப்பா வைத்த பெயர். பதினாறு வயதுக்கு அது பொருந்தவில்லை என்று அவள் எத்தனை சண்டை போட்டும் அவர் மாற்றவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். காலை முதல் மாலை வரை அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற வேலை என்பதால் எதற்கும் அசராத மனுஷன். டாய்லெட்டில் ரத்தம் போவதை மூலம் என்று சொல்லியே பல மாதம் ஓட்டினார். கடைசியில் அம்மாதான் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிப்போய், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வைத்தாள்.

"உள்ள எத்தனை வளைவு தெரியுமா வாலு? ஒரு ஹாரன்கூட அடிக்காம போயிட்டு வந்துட்டாங்க" என்று அப்பா அன்றைக்குச் சிரித்தார்.

கேமரா டாக்டர் சிரிக்கவில்லை. ஓரிடத்தில் குடலின் உள்தோல் சொரசொரவென்று தட்டையாகப் படர்ந்திருக்கிறது, பார்வைக்குச் சரியில்லை, கிள்ளி எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். புற்றுநோயாகவே இருந்தாலும் இது ஆரம்பம்தான், இப்போதே வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று வாலு கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

கிள்ளின சதை போய்ச் சேர்ந்தது அம்மா வேலை பார்க்கும் லேபுக்கு. ஊரில் அந்த வேலைக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அம்மாவின் வேலையை வாலு சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாள். சதைத்துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சீவினதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவாள். ஒரு ஆளுடையது முடிந்ததும் தண்ணீரின் மேல் டிஷ்யூ தாளை இழுத்துத் துடைத்த பிறகுதான் அடுத்த ஆளுடையதைத் தொடுவாள். துடைக்காவிட்டால் முந்தின ஆளின் பொடித்துண்டு மிதந்து வந்து இந்த ஆளின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். அந்த ஒட்டுத்துண்டுக்கு அம்மா வைத்த பெயர் விருந்தாளி.

"ஒண்ணும் பயமில்லடீ. விருந்தாளி தண்ணியிலதான் வரும், மெழுகுக்குள்ள இருக்காது. சந்தேகம்னா மெழுகைப் பார்த்தா போதும்" என்று அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அம்மாதான்.

ரிப்போர்ட் சுத்தம் என்று வந்த ராத்திரி, சாப்பிடும்போது அம்மா ஒரு கதையைச் சொன்னாள். அப்பாவின் கண்ணாடித் தகட்டில் ஒரு விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டதாம். லேபின் பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் முகம் மாறிவிட்டாராம். இல்லை டாக்டர், நான்தான் துடைக்க மறந்துவிட்டேன், மறுபடி சீவிப் பார்த்தேன், அது இல்லை என்று அம்மா சொன்னதும், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தத் துண்டைக் கணக்கில் எடுக்காமல் கையெழுத்துப் போட்டாராம். சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டியும் சிரித்தாள்.

அம்மா துடைக்க மறந்தாளா? பூட்டின பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற அம்மாவா?

"அப்போ அந்த முந்தின ஆளுக்குக் கேன்சராம்மா?" என்று வாலு கேட்டாள். "அவங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"சாப்பிடு."

அதற்குப் பிறகுதான் தாள் இழுக்கும் சத்தம் வீட்டுக்குள் வந்தது.

கேமரா டாக்டர் விடவில்லை. ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் தன் கண்ணால் பார்த்தது சரியாக இல்லை, இன்னொரு தடவை கிள்ளிப் பார்க்கலாம் என்று போன் செய்தார். எழுத்தில் சுத்தம் என்று வந்த பிறகு அந்தக் கேமராக் குழாய்க்கு என்ன வேலை என்று அப்பா மறுத்தார். ரத்தமா, அது பழைய மூலம்தானே என்றார். அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை விழுந்திருந்தது, ஆணியால் குத்தினது. மறுபடி கிள்ளிப் பார்த்தால் என்ன என்று வாலு அம்மாவிடம் கேட்டபோது, தேவையில்லை என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அம்மா உள்ளே போனாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. கதவைச் சாத்துவாள். பிறகு அந்தச் சத்தம்.

சொல்லிவிட வேண்டும் என்று வாலுவுக்குத் தொண்டை வரை வரும். என்ன சொல்வது? அம்மா தண்ணீரைத் துடைக்கிறாள் என்றா? அப்பா சிரிப்பார். ரிப்போர்ட் வந்ததிலிருந்து வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

மழை கொட்டின ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மோட்டார் ஓடாததால் மேல் தொட்டியில் தண்ணீரும் இல்லை. பாத்ரூமிலிருந்து தடவிக்கொண்டு வந்த அப்பா, ஃப்ளஷில் தண்ணீர் வரவில்லை, யாராவது ஒரு வாளி ஊற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவின் குரல் இருட்டில் அவரைத் தாண்டிப் போனது. வாலு மெழுகுவர்த்தி தேடினாள். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் கைவிட்டபோது மெழுகின் வாசனை வந்தது. பழைய மெழுகுவர்த்தியின் புகைவாசனை இல்லை. அம்மாவின் தலைமுடியிலும் முந்தானையிலும் ஆயுசு முழுக்க அடித்த வாசனை, மருந்து கலந்தது, தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்வது.

விரலில் பட்டது டிஷ்யூ தாள். காய்ந்து மொடமொடத்த தாள்கள், நாலாக மடித்தவை, தட்டு நிறைய. அவற்றுக்கு நடுவில் கனமாக ஒரு பொட்டலம்.

போன் வெளிச்சத்தில் பிரித்தாள். ஒரு மெழுகுக் கட்டி. ஒரு கண்ணாடித் தகடு. இரண்டிலும் ஒரே எண், அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த அதே எண்.

கண்ணாடியில் நாலு புள்ளிகள். மூன்று வெளிர் ரோஜா நிறம். நாலாவது கருநீலம், அடர்ந்து, கன்றிப்போன மாதிரி. அதுதான் விருந்தாளி. மெழுகில் இருக்காது. இருக்கக் கூடாது. வாலு கண்ணாடியை மெழுகின் மேல் வைத்து மெதுவாகத் திருப்பினாள். ஒரு இடத்தில் வந்து பொருந்தியது. ரோஜாப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் கீழே மெழுகுக்குள் ஒரு வெளுத்த சதைத்துணுக்கு.

கருநீலத்துக்குக் கீழேயும்.

அதே வளைவு. அதே ஓரம்.

அது தண்ணீரில் வரவில்லை. அப்பாவிடமிருந்து வந்தது.

சரக்.

பாத்ரூம் பக்கமிருந்து. கதவுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. இருட்டில்தான். சரக். வாலுவின் கால் தானாகப் போனது. கதவு தாழிடவில்லை. தள்ளினாள். போன் வெளிச்சம் முதலில் ஈரத் தரையில் விழுந்தது, பிறகு அம்மாவின் உள்ளங்கால்களில், பிறகு அவள் முதுகில். அம்மா டாய்லெட் கோப்பைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் நிறைந்த வாளி, தொடாமல். அவள் கையில் தாள். கோப்பைத் தண்ணீரின் மேல், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு, தொட்டும் தொடாமலும்.

தாள் சிவப்பாக வந்தது.

"ம்மா." வாலு வெளிச்சத்தைத் தாளின் மேல் பிடித்தாள். "அது மெழுகுலயும் இருக்கும்மா."

அம்மா திரும்பவில்லை. தாளை நாலாக மடித்தாள்.

"கதவைச் சாத்து. அப்பாவுக்குக் கேட்கும்."

"இப்பவே போனா வெட்டி எடுத்துடலாம்னு சொன்னாங்களேம்மா."

"விருந்தாளிடீ." அம்மாவின் குரல் தாலாட்டுகிற மாதிரி இருந்தது. "நம்மளோடது இல்ல. வேற யாரோடதோ மிதந்து வந்திருக்கு. மேலாப்புல துடைச்சா போயிடும்."

வாசலில் அப்பா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கு வண்டி எடுக்கப் போகிற மாணவனாக இருக்கும். பயப்படாதே, நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். அப்பா என்று கூப்பிட வாலு வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள். மெழுகு வாசனைதான் உள்ளே போனது.

"நீ அந்தப் பக்கம் பிடி" என்றாள் அம்மா.

கோப்பைத் தண்ணீர் ஒரு கணம் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. பிறகு அடியிலிருந்து ஒரு சிவப்பு இழை கிளம்பியது. அவசரமே இல்லாமல் மேலே வந்தது. வந்து, மெல்ல விரிந்தது.

தாளின் மறுமுனை எப்போது தன் விரலுக்குள் வந்தது என்று வாலுவுக்குத் தெரியவில்லை.

சரக்.